வேலூர்ப் பக்கம் பாடும் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு: ஊருக்கு ஊர் மாறும் இறகுநிறத்தைச் சரியாகப் பதிவுசெய்யும் வழி

காட்பாடியில் ஒரு வேலிக்கல் மேல் உட்கார்ந்திருக்கும் ஆண் கருஞ்சிட்டைப் பாருங்கள். தலையிலிருந்து முதுகு, வால் வரை பளபளக்கும் கறுப்பு. அதே கருஞ்சிட்டை டெல்லிப் பக்கம் பார்த்தால் முதுகு பழுப்பு. இரண்டும் ஒரே இனம்தான். இதைப் படத்தில் காட்டுவது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் புதிதாக எடுப்பவர்களின் படங்களில் பறவையின் முகம் இருக்கும், முதுகு இருக்காது. முதுகு இருந்தால் காலை வெயிலில் கறுப்பே பழுப்பாகத் தெரியும். நிறமும் சரியாக இருந்துவிட்டால் தேதியும் ஊரும் தொலைந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த படத்தை எடுப்பது எப்படி, அதற்கு என்ன செலவு, என்னென்ன காகிதம் வேண்டும் என்பதைக் கீழே வரிசையாகத் தந்திருக்கிறோம்.

1. முதலில் ஐந்து பறவைகளைத் தேர்ந்தெடுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கத் தொடங்கினால் ஒரு வருடம் கழித்து வட்டு நிறையும், வேறுபாடு எதுவும் தெரியாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் எளிதாகக் கிடைக்கும் ஐந்து போதும். ஒவ்வொன்றிலும் எந்த இடத்தைப் படமெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

*கருஞ்சிட்டு.* ஆணின் உச்சந்தலை, பின்கழுத்து, முதுகு. நம் பக்கம் கறுப்பு, வடக்கே பழுப்பு, இடையில் உள்ள பகுதிகளில் இடைப்பட்ட நிறம். தோளில் உள்ள வெள்ளைப் பட்டை உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். பெண்ணுக்கு அந்தப் பட்டையே கிடையாது, உடலும் சாம்பல் கலந்த பழுப்பு. தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பறவை இல்லை. மனிதரைக் கண்டு அதிகம் மிரளாது, ஒரே வேலியில் மாதக்கணக்கில் இருக்கும்.

*நீள்வால் கீச்சான்.* முதுகின் சாம்பல் நிறம் எந்த இடத்தில் முடிந்து செம்பழுப்பு தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. தெற்கத்திப் பறவையில் செம்பழுப்பு வாலுக்கு மேலே இடுப்போடு நின்றுவிடும். வடமேற்கில் அது முதுகின் கீழ்ப்பகுதி வரை ஏறும். இமயமலைப் பக்கம் தலையே கறுப்புத் தொப்பி.

*சின்னான்,* அதாவது ஊர்க் கொண்டைக்குருவி. தலையின் கறுப்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இங்கே தலையோடு நின்று, முதுகு செதில் செதிலான பழுப்பாக இருக்கும். வங்காளப் பக்கத்துப் பறவையில் கறுப்பு மேல்முதுகுக்கும் மார்புக்கும் இறங்கி, மொத்த உடலும் கருத்துத் தெரியும்.

*சாம்பல் கதிர்க்குருவி.* இதில் ஊரோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. வட இந்தியப் பறவை குளிர்காலத்தில் முதுகு பழுப்பேறி, வால் நீண்டுவிடும். நம்முடையது வருடம் முழுக்க ஒரே உடைதான். எனவே தேதி இல்லாத கதிர்க்குருவிப் படத்துக்கு மதிப்பில்லை.

*மாம்பழச்சிட்டு.* இனப்பெருக்கக் கால ஆண்தான் கணக்கு. தெற்கே உச்சந்தலையும் முதுகும் நல்ல கறுப்பு. வடக்குச் சமவெளியில் அவ்வளவு கறுப்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றின் கீழ்முதுகில் சாம்பல் கலந்த பச்சை தெரியும். மேலிருந்து எடுத்தால்தான் இது தெரியும். மரத்தடியில் நின்று வயிற்றை எடுத்தால் மஞ்சளைத் தவிர ஒன்றும் கிடைக்காது. மாடியிலிருந்து வேப்பமரத்தின் உச்சியைப் பார்க்க முடிகிற வீடு அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

2. கருவியும் செலவும்

காசை எங்கே போடுவது என்பதற்கு ஒரே விதி: கேமராவுக்கு ஒரு பங்கு, லென்சுக்கு இரண்டு பங்கு.

ஏன் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். கருஞ்சிட்டின் நீளம் சுமார் 19 செ.மீ. அது 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, உங்களிடம் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் கொண்ட கேமரா. 300 மி.மீ. லென்சில் பறவை படத்தின் அகலத்தில் கால்பங்கு வரும். 600 மி.மீ.யில் பாதி வரும். முதுகின் நிற எல்லையைப் பிரித்துப் பார்க்கப் பாதி அகலம் தாராளம். கால்பங்கு, நல்ல வெளிச்சத்தில் மட்டும் போதும்.

பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா சுமார் 30,000 முதல் 50,000 ரூபாய்க்குள் கிடைக்கும். 150–600 மி.மீ. லென்ஸ் பழையது 50,000-க்கு மேல் போகும். அதன் எடை இரண்டு கிலோவை ஒட்டி. வாங்குவதற்கு முன் சென்னையில் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் தூக்கிப் பாருங்கள், கை ஒத்துழைக்கிறதா என்று தெரிந்துவிடும். அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள்.

பழையதை வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியவை: லென்சுக்குள் டார்ச் அடித்து, சிலந்தி வலை போல் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். முழு ஜூமில் வைத்துத் தூரத்துப் பெயர்ப் பலகையைப் பத்து முறை ஃபோகஸ் செய்யுங்கள். பத்தில் இரண்டு தப்பினாலும் வாங்காதீர்கள். ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைக் கேளுங்கள். சீரியல் எண்ணோடு கூடிய ரசீது இல்லாத பொருள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ட்ரைபாட் உடனே தேவையில்லை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, இரு முனையும் தைத்து, இரண்டு கிலோ அரிசி கொட்டினால் அருமையான தாங்கு பை. ஏரிக்கரைக் கல் மேலும் கார்க் கண்ணாடி மேலும் அப்படியே உட்காரும். மழைக்காலத்தில் வண்டு பிடிக்கும், அரிசியை அவ்வப்போது மாற்றிவிடுங்கள். கூடவே 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்று, சில நூறு ரூபாய்தான். இதை வாங்காமல் விடாதீர்கள், காரணம் ஆறாம் படியில் இருக்கிறது.

3. அனுமதியும் காகிதங்களும்

ஏரிக்கரை, வயல், உங்கள் தோட்டம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றுக்கு வனத்துறை அனுமதி தேவையில்லை. வயலுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் அவரே கூடு இருக்கும் மரத்தைக் காட்டுவார்.

‘காப்புக்காடு’ என்று பலகை இருக்கும் இடம் வேறு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி அங்கே அனுமதியின்றி நுழைவதே குற்றம். கையில் இருப்பது கேமராதான் என்று சொல்லித் தப்ப முடியாது. மாவட்ட வன அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை: பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் நகல், உடன் வருபவர்களின் விவரம், தேதிகள், போகும் இடத்தின் பெயரும் பீட்டும் (வனக்காவலர் ஒருவரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி), வண்டி எண், கேமரா மற்றும் லென்ஸ் பட்டியல், விற்பனைக்கு அல்ல என்ற உறுதி. இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் நுழைவையே நிறுத்திவிடுவார்கள் என்பதால் பங்குனி, சித்திரையை நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள். கட்டணம் கேட்டால் ரசீதோடுதான் கட்ட வேண்டும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜவ்வாது மலை ஒரே மலையாகத் தெரிந்தாலும் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. ஏலகிரி திருப்பத்தூரைச் சேர்ந்தது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். முதலில் அந்த ஊர் வனச்சரக அலுவலகத்துக்குப் போய், “இந்த இடம் எந்தக் கோட்டத்தில் வருகிறது?” என்று கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு காடுகளில் ஆந்திர எல்லையிலிருந்து யானை வரும். அங்கே அனுமதி கையில் இருந்தாலும் வனக்காவலர் துணையின்றிப் போகாதீர்கள்.

ஊருக்குள்ளும் கவனம் வேண்டும். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். தொரப்பாடி மத்திய சிறையை ஒட்டிய பகுதியில் நீள லென்சை வெளியே எடுக்கவே வேண்டாம். மரத்தில் இருக்கும் குருவியைத்தான் எடுத்தேன் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

கூடு விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள்தான் வைக்கிறது. படம் தெளிவாக வரவேண்டும் என்று கூட்டின் முன்னால் இருக்கும் கிளையை ஒடிப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். அந்தக் கிளைதான் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் காக்கையிடமிருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

4. எந்த மாதம், எந்த நேரம்

சூரிய உதயம் தை மாதத்தில் 6:35-ஐ ஒட்டி, வைகாசியில் 5:45-ஐ ஒட்டி. உதயத்துக்கு அரைமணி நேரம் கழித்துத் தொடங்கி இரண்டு மணி நேரம்தான் நல்ல வேலை. கோடையில் ஒன்பது மணிக்கு மேல் பாறையிலிருந்து எழும் அனல், பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள பறவையை நீரில் கரைந்தது போல் ஆக்கிவிடும். லென்ஸ் பழுது என்று பலர் தவறாக நினைப்பது இதைத்தான்.

கருஞ்சிட்டு, மாம்பழச்சிட்டு ஆண்களுக்குப் பங்குனி முதல் ஆனி வரை. குளிர்கால விருந்தாளிகளுக்கு ஐப்பசி முதல் பங்குனி வரை.

விருந்தாளிகளில் மஞ்சள் வாலாட்டி தனி அத்தியாயம். காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரிகளின் ஈரக்கரையில் கூட்டமாக மேயும். வெவ்வேறு நாடுகளில் கூடு கட்டும் துணையினங்கள் (ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர் மாறும் பிரிவுகள்) இங்கே ஒரே கரையில் கலந்து நிற்கும். ஆணின் தலையைப் பாருங்கள். புருவமே இல்லாத முழுக் கறுப்புத் தலை ஒன்று. கருஞ்சாம்பல் தலை, கன்னம் இன்னும் கருப்பு, புருவம் இல்லை என்பது இன்னொன்று. வெளிர்சாம்பல் தலையில் அகலமான வெள்ளைப் புருவம் மற்றொன்று. ஆனால் இந்தத் தெளிவு பங்குனி, சித்திரையில், ஊர் திரும்பும் முன்தான் வரும். ஐப்பசியில் வந்திறங்கும்போது எல்லாமே மங்கலாகத்தான் இருக்கும். அப்போது எடுத்த படத்தில் துணையினப் பெயர் எழுத வேண்டாம்.

5. தண்ணீர்த் தட்டு: செலவில்லாத முதல் பள்ளிக்கூடம்

காட்டுக்குப் போகும் முன் இரண்டு மாதம் வீட்டிலேயே பழகுங்கள். வேலூர்க் கோடைக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஓர் அடி அகல மண் தட்டு. தண்ணீர் நடுவில் நான்கு செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம், ஓரத்தில் ஒரு செ.மீ. போதும். ஆழமானால் சின்னப் பறவைகள் இறங்காது. உள்ளே ஒரு சொரசொரப்பான கல். தட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, வளைந்த முருங்கைக் கிளை ஒன்றை மண்ணில் ஊன்றுங்கள். பறவை நேரே தண்ணீருக்கு வராது. முதலில் கிளையில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பி, பூனை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறங்கும். அந்த ஐந்து வினாடிகளில்தான் முகம், பக்கவாட்டு, முதுகு மூன்றும் கிடைக்கும்.

நீங்கள் ஆறு மீட்டர் தூரத்தில், ஜன்னலுக்கு உள்ளே, விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். கிளைக்குப் பின்னால் குறைந்தது ஐந்து மீட்டர் வெற்றிடம் இருந்தால் பின்னணி மங்கி நிற்கும். தட்டை மதில் நிழலில் வையுங்கள், நிறத்துக்கு நிழல் வெளிச்சமே நல்லது. தண்ணீரைத் தினமும் மாற்றித் தட்டைத் தேயுங்கள். கொசு முட்டையிடாது, பறவைகளுக்கு நோயும் பரவாது. சின்னான், வெண்புருவச் சின்னான், தையல்சிட்டு, தேன்சிட்டு, குண்டுகரிச்சான், தவிட்டுக்குருவிக் கூட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். முதல் வாரம் ஒன்றும் வராவிட்டால் இடத்தை மாற்றாதீர்கள்.

6. நிறம் பொய் சொல்லாமல் எடுப்பது

ரா கோப்பாகவே (கேமரா நிறத்தை மாற்றாமல் பதியும் மூலக் கோப்பு) எடுங்கள். ஒயிட் பேலன்சை (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் பச்சை இலைப் பின்னணிக்கு ஒரு நிறம், சுவர்ப் பின்னணிக்கு ஒரு நிறம் என்று ஒரே பறவை இரண்டாகத் தெரியும். பறவை பறந்ததும் அது உட்கார்ந்த இடத்தில், அதே வெளிச்சத்தில் சாம்பல் அட்டையை ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு கணினியில் அந்த அட்டையைத் தொட்டு நிறத்தைச் சரிசெய்தால் மற்ற படங்களும் அதே அளவுக்குச் சரியாகும். வெள்ளைத் தாள் இதற்கு உதவாது, அதில் நீலமூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கும்.

ஷட்டர் வேகம் உட்கார்ந்த பறவைக்கு 1/500, துள்ளும் பறவைக்கு 1/1600. லென்ஸ் துளை எஃப் 6.3 முதல் 8 வரை. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோ, உச்சம் 3200.

கறுப்புப் பறவைதான் எல்லோரையும் படுத்துகிறது. வானத்தைப் பின்னணியாக வைத்தால் பறவை வெறும் நிழலுருவாகும், அப்போது எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) +1 முதல் +1.7 வரை கூட்டுங்கள். பறவை சட்டத்தை நிறைத்திருந்தால் நேர் எதிர். கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும், –0.7 குறைக்க வேண்டும். இதைக் குறைக்காமல் எடுத்த நம்மூர்க் கருஞ்சிட்டு வடக்கத்திப் பழுப்பு முதுகோடு வந்து நிற்கும். காலை ஏழு மணிப் பொன்வெயிலும் இதே வேலையைச் செய்யும். ஆகவே வெயிலில் ஒன்று, நிழலிலோ மேகமூட்டத்திலோ ஒன்று என்று இரண்டு இல்லாமல் ‘முதுகு பழுப்பு’ என்று எழுதாதீர்கள்.

தேன்சிட்டில் வேறு சிக்கல். அதன் ஊதாவும் நீலமும் சாயம் அல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பது. அரை அங்குலம் திரும்பினால் கறுப்பாகிவிடும். எனவே தேன்சிட்டின் பளபளப்பை வைத்து ஊர் வேறுபாடு பேச வேண்டாம்.

கிடந்து எடுக்கும்போது தரையைக் குச்சியால் தட்டிப் பாருங்கள். நம் பாறைக்காடுகளில் சுருட்டை விரியன் கல்லுக்கடியில்தான் இருக்கும்.

பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். எதிரி ஆண் வந்துவிட்டான் என்று நினைத்து, குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தை அது உங்களோடு சண்டை போடுவதில் செலவிடும்.

7. ஊர் வேறுபாடு போலவே தோன்றும், ஆனால் அல்லாதவை

அரசவால் ஈப்பிடிப்பானில் வெள்ளை ஆணும் உண்டு, செம்பழுப்பு ஆணும் உண்டு. இரண்டும் ஒரே தோப்பில் வரும். நம் பக்கம் வெள்ளை என்பது முதிர்ந்த ஆண்.

ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கம் முடிந்ததும் உடை மாற்றி, மஞ்சள் வயிற்றின் நடுவே ஒரு கருங்கோட்டோடு சில மாதம் திரியும். புதிய இனம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

இறகுதிர்ப்புக்கு முன் பழைய இறகு வெயிலில் வெளுத்துப் பழுப்பேறும். ஆடி, ஆவணியில் எடுத்த கறுப்புப் பறவைகளில் இதைச் சந்தேகியுங்கள். சிறகு நுனி பிய்ந்து நைந்திருந்தால் அது தேய்மானம்தான்.

இளம்பறவை: கீச்சான் குஞ்சின் முதுகில் அலை அலையாகக் கோடுகள் இருக்கும்.

கடைசியாக மகரந்தம். மாசி, பங்குனியில் இலவு, புரசு, கல்யாண முருங்கை பூத்திருக்கும்போது சின்னான் நெற்றியிலும் தையல்சிட்டுத் தொண்டையிலும் மஞ்சள் பூசியிருக்கும். அடையாளக் குறி போலவே தெரியும். பக்கத்தில் பூத்த மரம் எது என்று குறித்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

8. பதிவும் பகிர்வும்

முதல் நாளே கேமராக் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். பழைய கேமராவில் தேதி வருடக்கணக்கில் பின்னால் இருக்கும், பின்னர் திருத்துவது பெரும்பாடு. ஒவ்வோர் இடத்திலும் இருப்பிடம் இயங்கும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டால் ஊர்க் குறிப்பு தானாகச் சேரும். கோப்பின் பெயர் இப்படி: தேதி, ஊர், பறவை, பால், எண். ஆயிரம் ரா படங்கள் சுமார் 25 ஜிபி. அன்றன்றே கழித்து, மிச்சத்தை இரண்டு வட்டுகளில் வையுங்கள்.

ஈபேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) ஏற்றும்போது இனப்பெயரோடு நிறுத்துங்கள். முதுகு, தேதி, ஊர் மூன்றும் ஐயமில்லாமல் இருந்தால் மட்டும் துணையினத்தைக் குறியுங்கள். தைப்பொங்கலை ஒட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தால் அனுபவசாலிகள் உங்கள் பட்டியலைப் பார்த்துத் திருத்துவார்கள்.

ஏலகிரியிலோ வேறு பாறைக்குன்றிலோ மஞ்சள்தொண்டைச் சின்னான் கிடைத்தால் மாவட்டப் பெயரை மட்டும் வெளியிடுங்கள். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழியும் அபாயப் பட்டியலில் உள்ள பறவை அது. பாறையின் படத்தையும் வழியையும் போட்டால் அடுத்த ஞாயிறு அங்கே முப்பது பேர் நிற்பார்கள்.

ஒப்பிட வடநாட்டுப் படம் வேண்டும் அல்லவா? கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. ராஜஸ்தானிலோ பஞ்சாபிலோ இருக்கும் அண்ணனிடமோ மச்சானிடமோ கேளுங்கள். முகாமுக்குள் எடுக்கச் சொல்லாதீர்கள், வெளியூர்ப் பூங்காவிலோ கோயில் தோட்டத்திலோ எடுத்தால் போதும். அவருக்கு அனுப்ப வேண்டிய செய்தி இவ்வளவுதான்: “ஆண் கருஞ்சிட்டு, முதுகுப் பக்கம், நிழலில், ஊர்ப் பெயரோடு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.” போட்டோவாக வந்தால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் அழிந்துவிடும்.